வண்டு உத்தியோகம்

என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் உத்தியோகம் வண்டு உத்தியோகம். இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கிடைத்த எதிலும் நான் அந்த அளவுக்குக்கூடப் பிரகாசிக்கவில்லை.

அப்போது எங்கள் வீடு தீவில் லம்பா லைன் என்கிற பகுதியில் இருந்தது. மரத்தூண், மரச்சுவர், தகரக் கூரை. அப்பாவுக்கு வடக்கே தொலைவில் திக்லிபூரில் வேலை. எப்போதாவது கப்பலோ பஸ்ஸோ பிடித்து வந்து போவார். வீட்டில் ஆண்துணை என்றிருந்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. மின்னி பே பக்கம் டோங்கி என்கிற மரப்படகுகளைப் பழுது பார்ப்பவர்.

எங்களோடு வேறு சிலரும் வாடகை தராமல் குடியிருந்தார்கள். கட்டைவிரல் பருமனில் கன்னங்கரிய வண்டுகள். வண்டு என்று சொன்னோமே தவிர, அவை தேனீ இனம்தான். ஆனால் ராணி கிடையாது, கூட்டம் கிடையாது, நமக்கு எடுத்துக்கொள்ளத் தேனும் கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனியாளாக உத்தரத்தில் துளை போட்டு, உள்ளே நீளமாகக் குடைந்து, மகரந்தத்தை உருண்டை பிடித்துவைத்து, ஒரு முட்டையிட்டு, மரத்தூளால் தடுப்பு எழுப்பி, அடுத்த அறைக்குப் போகும். ஆண் வண்டு வெளியே அந்தரத்தில் நின்றுகொண்டு, வருகிறவர் மூக்குக்கு நேராக வந்து உறுமும். அதற்குக் கொடுக்கே கிடையாது என்று பின்னாளில் படித்தபோது எனக்கு மாமா ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் அம்மாவுக்கு எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. சோறு ஆகாது, மீன் வாசம் ஆகவே ஆகாது. கொல்லை வேலியில் படர்ந்திருந்த பேஷன் ஃப்ரூட் கொடியின் புளிப்புப் பழத்தைக் கரைத்துக் கொடுத்தால் மட்டும் வயிற்றில் தங்கும். அம்மா செத்துப்போய்விடுவாள் என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, மாமாவும், மௌசி என்று நாங்கள் கூப்பிட்ட பக்கத்து வீட்டு வங்காளி அம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவு செய்தேன்.

ஒருநாள் அம்மா அபூர்வமாக இரண்டு கவளம் சோறு உண்ட நேரத்தில், உத்தரத்திலிருந்து வண்டு குடைந்த தூள் தட்டில் கொட்டியது.

"இந்தச் சனியன்களோட ஒரு வாய் நிம்மதியா திங்க முடியுதா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

அவ்வளவுதான். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "நீ ஏங்க்கா கலங்குத? நாளைக்கே பூரா ஓட்டையையும் அடைச்சிருதேன்."

படகுக்காரருக்கு ஓட்டை என்றால் அடைக்கத் தெரிந்த விதம் ஒன்றே ஒன்று. பஞ்சைத் திரித்து, டாமர் என்கிற தாரில் முக்கி, உளியும் சுத்தியலும் வைத்து இறுக்கி, மேலே எரிந்த என்ஜின் ஆயிலைப் பூசினார். தூண், உத்தரம், ஜன்னல் சட்டம் எதையும் விடவில்லை. மௌசி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அரே பையா, கர் கோ பானி மே உதாரேகா கியா?" என்று கேட்டாள். வீட்டைத் தண்ணீரில் இறக்கப் போகிறாயா என்று. உண்மையாகவே இறக்கியிருந்தால் ஹேவ்லாக் தீவு வரை மிதந்திருக்கும். டாமர் நாற்றத்தில் அம்மாவின் வாந்தி இரட்டிப்பாகி, நாற்றம் அடங்கும்வரை அவள் மௌசி வீட்டில் படுத்துக் கிடந்தது தனி.

தூள் நின்றது. கொடியில் பழமும் நின்றது. பூ மட்டும் அமோகம். ஊதாவும் வெள்ளையுமாக மதியம் விரியும், மறுநாள் சுருண்டு உதிரும். மௌசி வீட்டுக் கொடியிலும் அதே கதை. தெருவில் மற்ற வீடுகள் கான்கிரீட்டுக்கு மாறியிருந்தன; கொசுவுக்கு அடிக்கிற புகை வேறு. பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்க இரண்டு கொடிகளுக்கும் இருந்தவை எங்கள் உத்தரத்து வண்டுகள்தான்.

மௌசி மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "சப் பௌரா தூனே பந்த் கியா! அப் தீதி கியா காயேகி?" வண்டையெல்லாம் அடைத்துவிட்டாய், இனி அக்கா எதைத் தின்பாள் என்று.

"வண்டு வந்து கையெழுத்துப் போட்டாத்தான் காய்க்குமோ? அது என்ன பெரிய ஆபீசரா?" என்று மாமா தமிழில் உறுமினார். ஆனால் முகம் செத்துவிட்டது. மிச்சமிருந்த பழங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அம்மாவின் கன்னம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பூசணிப் பூவுக்குக் கையாலேயே மகரந்தம் தடவிப் பழகியவள் மௌசி. சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் அகப்பட்டேன்.

"பௌரா நஹீ ஹை தோ பச்சா கரேகா!"

வண்டு இல்லாவிட்டால் பையன் செய்வான். இதைவிடச் சுருக்கமான பணி நியமன உத்தரவை நான் பிறகு பார்த்ததில்லை. பள்ளிவிட்டு வந்ததும் பெயின்ட் பிரஷ்ஷோடு மௌசியின் கொடிக்குப் போய் மகரந்தம் எடுத்து, வேலியில் ஏறிக் குதித்து, எங்கள் கொடியின் பூக்களில் தடவவேண்டும். இங்கிருந்து அங்கேயும் அப்படியே. ஒரே கொடியின் மகரந்தம் அதே கொடிக்குச் செல்லாதாம். வண்டு பறந்து கடக்கிற வேலியில் நான் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு கடந்தேன். அது ஒரு நொடியில் முதுகால் உரசிவிட்டுப் போகிற பூவை நான் கால்மணி நேரம் குடைந்து, காம்போடு கையில் எடுத்துவந்தேன். மூக்கெல்லாம் மஞ்சள். போதாக்குறைக்கு, வண்டுக்கு உறுமினால்தான் வேலை ஓடுமென்று நினைத்து "ம்ம்ம்" என்று ஓயாமல் உறுமிக்கொண்டும் இருந்தேன். மாமா ஸ்டூலைப் பிடித்துக்கொள்வார். "மெதுவா, மருமவனே. பூவுக்கு வலிக்கும்லா."

எப்படியோ சில காய் பிடித்தது. ஆனால் அது பழுக்க இரண்டு மாதத்துக்கு மேலாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழுத்தபோது அம்மா மீனும் சோறுமாக வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தாள். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. புளிப்பு வேண்டாம் என்று என்னிடமே கொடுத்துவிட்டாள். என் வைத்தியத்தில்தான் பிழைத்தாள் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

தொட்டில் கட்ட வேண்டுமென்று மாமா உத்தரங்களைத் தட்டிப் பார்த்தார். ஒன்று உள்ளே பொள்ளலாக ஒலித்தது. கழற்றி இறக்கி, வாசலில் வைத்து உளியால் பிளந்தார்.

உள்ளே நீளமான சுரங்கம். முன்னால், டாமர்ப் பஞ்சில் முகத்தைப் புதைத்தபடி ஒரு பெரிய வண்டு. அதன் பின்னால் வரிசையாக அறைகள். அறைக்கு ஒன்றாக, சிறகு முளைத்துக் கறுத்துப்போன வண்டுக் குஞ்சுகள், எல்லாம் வாசலைப் பார்த்தபடி காய்ந்து கிடந்தன.

எனக்கு ஒரே கொண்டாட்டம். ரயிலைப் படத்தில் மட்டுமே பார்த்த தீவுப் பிள்ளை நான். "அம்மா, இங்க பாரேன், இன்ஜின்! பின்னால பெட்டி!" என்று கத்தி, அவற்றை எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்கினேன். மாமா உளியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெல்ல வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தனை ஓட்டையையும் திறந்து விட்டுரு தம்பி" என்றாள்.

பிறகு என் ரயிலை முந்தானையில் அள்ளிக்கொண்டுபோய், கொடியின் அடியில் மண்ணைப் பறித்துப் புதைத்துவிட்டாள். நான் காலை உதைத்துக்கொண்டு அழுதேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கும் ரயில் விளையாட அவ்வளவு ஆசை இருந்திருக்கிறது, பின் எதற்காகப் புதைத்தாள் என்று வெகுநாள்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.