மொட்டை போட்ட வாத்துக்குஞ்சு

எனக்கெல்லாம் எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று திருத்தணி மலையில் மொட்டைக் கொட்டகையைத் தாண்டும்போது ஈர முடியும் சந்தனமும் கலந்த வாடை அடித்தது. உடனே சின்ன வயதில் அம்மையார்குப்பத்தில் நான் வளர்த்த வாத்துக்குஞ்சுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு இறகுகள் தலைகீழாக, முடிபோலச் சுருண்டு, பிசுபிசுவென்று முளைத்தன. வீட்டில் துணி நெய்யும் தறிக்குப் பக்கத்தில் கூடையில் வைத்து, நாறும் எச்சத்தைத் துடைத்து, பிழைத்தால் போதும் என்று நத்தையை நசுக்கி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"பொறந்த முடிய எடுக்காம வுட்டா இப்டிதாண்ணா சுருட்டிக்கும். முருகனுக்கு வேண்டிக்கினு மொட்டை போட்டுடு," என்றாள் அத்தை, தன் அண்ணனான என் நைனாவிடம்.

"வாத்துக்கா?" என்று சிரித்துக்கொண்டே நைனா நூல் வெட்டும் கத்தரியை எடுத்தார்.

வெட்டிய ஒவ்வொரு இறகடியிலும் இரத்தம் ஊறியது. அத்தை அதன்மேல் சந்தனத்தை அப்பினாள்.

மறுநாள் குஞ்சு செத்துக் கிடந்தது. அம்மா கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள்.