கண்மணி இல்லாத முகம்

வடை சுற்றி வந்த தாளில்தான் அந்த மனிதன் கடற்கரை ஊரான எத்தாளையில் இருந்த எங்கள் வீட்டுக்குள் வந்தான். மாமா, அதாவது உம்மாவின் தம்பி, மீன்பிடி போட் எஞ்சினுக்குச் சாமான் வாங்க முந்தலுக்குப் போனவர், வரும்போது இறால் வடை வாங்கி வந்தார். வடை தீர்ந்தது. தாளை மாமா கசக்கி எறியவில்லை. எண்ணெயை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு விரித்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

ஏதோ பழைய புத்தகத்தில் கிழித்த வழுவழுப்பான தாள். எழுத்து எங்களில் ஒருவருக்கும் வாசிக்க வராத மொழி. படங்கள் மட்டும் புரிந்தன. ஒரு பாய்க்கப்பல், நட்சத்திரம் பார்க்கும் நீளக் குழாய், நடுவில் ஒரு வெண்கலப் பதக்கத்தின் இரண்டு பக்கங்கள். ஒரு பக்கத்தில், தோள்வரை சுருள்முடி விழுந்த ஒருவனின் பக்கவாட்டு முகம். மற்றப் பக்கத்தில், கடலுக்கடியில் கவிழ்த்து இறக்கிய பெரிய மணி. அதற்குள்ளே ஒருவன் பலகையில் உட்கார்ந்திருந்தான்.

எனக்கு ஒன்பது வயது. அந்த முகத்தின் கண்ணில் கருமணி இல்லை. வழவழவென்று உலோகம் மட்டும். மணிக்குள் உட்கார்ந்து கடலுக்குள் போனவன் திரும்பி வரும்போது இப்படித்தான் வந்திருக்கிறான் என்று நானாகவே முடிவுசெய்தேன். மாமா தாளைச் சுவரில் ஒட்டினார். முகமுள்ள படம் இருந்தால் மலக்குகள் என்ற வானவர்கள் வரமாட்டார்கள் என்று உம்மா தொழுகை நேரத்தில் அதன்மேல் துவாயைப் போட்டு மூடுவா. மூடிய பிறகுதான் எனக்குப் பயம் கூடும்.

இவ்வளவு பயந்தவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சரிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் கடலையும் வானத்தையும் ஆராய்ந்தவர்கள், புதிய எந்திரம் செய்தவர்கள், இவர்களின் முகத்தைப் பதக்கத்தில் அடித்து வைப்பார்கள் என்றார். கவிழ்த்த மணிக்குள் காற்று தங்கும், உள்ளே இருப்பவர் மூச்சுவிடலாம் என்றும் சொன்னார். அதை அப்படியே கொண்டுவந்து மாமாவிடம் ஒப்புவித்தவளும் நான்தான்.

மாமாவுக்கு அது போதும். கடலட்டை எடுக்கக் காற்றுச் சிலிண்டரோடு இறங்கிய வாப்பா, இரண்டு வருடத்துக்கு முன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கதிரையில் உட்கார்ந்தபடியே இருந்தார். அதற்குப் பிறகு மாமாவும் சிலிண்டரைத் தொடவில்லை. வாப்பா அதிகம் பேசுவதில்லை. எதையும் கேட்பதுமில்லை, சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார்.

சிலிண்டர் இல்லாமலே கடலுக்கடியில் இறங்க மணி ஒன்று வேண்டும். மணிக்கு எங்கே போவது? கந்தூரிக்குச் சோறாக்கும் பெரிய அண்டாவான பள்ளிவாசல் கிடாரம் ஒன்றை மாமா இரவல் வாங்கினார். என்ன காரணம் சொன்னாரோ தெரியாது. உம்மாவிடம், உச்சமுனையில் ஒரு உறவுக்காரரைப் பார்க்கப் போகிறோம் என்றார்.

"மச்சானுக்குக் கை நல்லாத்தானே இரிக்கி. கயிறு பிடிக்க அவர்தான் வேணும்," என்று வாப்பாவைத் தோளில் தூக்கிப் போட்டில் வைத்தார்.

கடலையொட்டிய உப்பேரியான களப்பு அன்று காலை அசையாமல் கிடந்தது. இரண்டு பாகம், அதாவது இரண்டு ஆள் ஆழமுள்ள இடத்தில் கிடாரத்தைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, சுற்றிவர மணல் மூட்டைகளைக் கட்டினார் மாமா. ஒவ்வொரு மூட்டைக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்ந்தது. பெரிய கயிறு வாப்பாவின் கையில். மாமாவின் மணிக்கட்டில் கட்டிய சின்னக் கயிறு என் கையில்.

"நூறு எண்ணிப்போட்டு ஒருக்கா இழு. நானும் ஒருக்கா இழுப்பன். அப்ப சுகம் எண்டு அர்த்தம். விளங்கிச்சா?"

"நீங்க இழுக்காட்டி?"

"இழுப்பன் புள்ள," என்று சிரித்து, தலையைக் கிடாரத்துக்குள் நுழைத்தார். வாப்பா கயிற்றை விட்டுக்கொண்டே போனார். கிடாரம் பச்சைத் தண்ணீருக்குள் மங்கி, கறுத்து, இல்லாமல் போனது.

முதல் நூறுக்கு இழுத்தேன். உடனே பதில் வந்தது. இரண்டாம், மூன்றாம் நூறுக்கும் வந்தது. அதற்குப் பிறகு வந்த இழுப்புகள் மெலிந்துகொண்டே போயின. ஒருமுறை நான் இழுக்காமலே மூன்று நான்கு தரம் அர்த்தமில்லாமல் துடித்தது. பிறகு நான் இழுத்தேன். ஒன்றுமில்லை. மறுபடியும் இழுத்தேன். தண்ணீரில் ஊறிய கயிறு மட்டும் கனத்தது.

அப்போது நான் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். முப்பதுவரை எண்ணியிருப்பேன்.

"வாப்பா, மாமா இழுக்கல்ல."

வாப்பா பெரிய கயிற்றைப் பிடித்து இழுத்தார். இறங்கும்போது லேசாகப் போன கிடாரம் இப்போது வரவில்லை. போட்தான் அந்தப் பக்கம் சாய்ந்தது. வாப்பா என் முகத்தைப் பார்த்தார். "போட்டப் புடிச்சிக்கிட்டு இரி மகள். எழும்பாத," என்றார். இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி, உயிரில்லாத கால்களை இழுத்துக்கொண்டு, மூட்டை விழுவதுபோல் தண்ணீரில் விழுந்தார்.

போட்டில் நான் மட்டும். கரை ஒரு கோடாகத் தெரிந்தது. கூப்பிட்டாலும் கேட்காத தூரம். எனக்குத் தெரிந்த ஒரே ஓதலைப் பாதியில் மறந்து, தொடக்கத்திலிருந்து ஓதி, அதே இடத்தில் மறுபடி மறந்தேன். தண்ணீரில் குமிழிகள் வந்தன. பிறகு அவையும் நின்றன.

போட்டின் மறுபக்கம் ஒரு கை விளிம்பைப் பிடித்தது. வாப்பாவின் கை. அடுத்த கையில் மாமாவின் தலைமயிர். மாமாவின் உதடு நீலம். கண் மேலே சொருகி வெள்ளை மட்டும் தெரிந்தது. நான் அலறினேன்.

மாமா இருமினார், வாந்தியெடுத்தார், மறுபடி இருமினார். கருமணி மெல்ல இறங்கி வந்து என்னைப் பார்த்தது. "தலை சுத்திச்சு... நித்திர மாதிரி," என்று முனகிக்கொண்டே போட்டுக்குள் சரிந்தார்.

"வாப்பா, நீங்களும் ஏறுங்க!"

"இரி மகள்." வாப்பா ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே கிடந்தார். அவர் கால்கள் தண்ணீரில் லேசாக மிதந்தன. மாமா எழுந்து உட்கார்ந்து, கை கொடுத்த பிறகும் ஏறவில்லை. அவருக்குத் தெம்பில்லை என்று நினைத்து நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

வீட்டில் உம்மா மாமாவை ஏசிய ஏச்சு இரண்டு வீட்டுக்குக் கேட்டது. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. சுவரிலிருந்த தாளை நகத்தால் உரித்தெடுத்தேன். முகத்தைப் பார்க்காமல் மடித்து அடுப்பில் வைத்தேன். எண்ணெய் ஊறிய தாள், சட்டென்று பிடித்துக்கொண்டது.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு வாப்பா கூப்பிட்டார்.

"மகள், அந்தத் தாள் எங்க? மணிப் படத்துக்குப் பக்கத்தில சின்னப் பீப்பா ஒண்டு கீறி இரிந்திச்சு. கீழ காத்து அனுப்பத்தான் போல. உங்க மாமா அதக் கவனிக்கல்ல. கொண்டா, பாப்பம்."

"தெரியா வாப்பா."

"தேடிப் பாருங்க."

அடுத்த நாளும் கேட்டார். அதற்கடுத்த நாள், கதிரையிலிருந்தபடியே அலுமாரிக்கு அடியில் ஈர்க்குமாற்றை விட்டுத் துழாவிப் பார்த்தார். நாலாம் நாள் கேட்கவில்லை. பிறகு பழையபடி எதையுமே கேட்கவில்லை. கடலிடமிருந்து வாப்பாவை நான் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் அவ்வளவு சந்தோசம்.