அத்தானுக்கு அளந்த பட்டம்

பச்சைக் கொழுந்து நிறுக்கும் தராசில் ஒரு மனிதர் தொங்குவதை என் வாழ்நாளில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அவர் என் அக்காவின் கணவர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுக்கும் கொட்டகை அது; மடுவம் என்பார்கள். உத்தரத்தில் வட்ட முகத் தராசு. அதன் கொக்கியில் கொழுந்துச் சாக்கு மாட்டும் கயிற்றை இரு கைகளாலும் பற்றி, முழங்கால்களை மடக்கி, கண்களை இறுக மூடியபடி அத்தான் தொங்கினார். செருப்பைக் கழற்றியிருந்தார். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், சட்டைப்பையில் இருந்த சில்லறை எல்லாவற்றையும் என் கையில் தந்திருந்தார். கொழுந்து நிறுக்க வரிசையில் நின்ற பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து, "தொண்ணூத்தேழு" என்று உரக்கச் சொன்னார்.

"எங்க கொழுந்துல தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோன்னு கழிக்கிறீங்களே கணக்கப்பிள்ளை. ஐயாவுக்கும் கழிங்க" என்றாள் முன்னால் நின்றவள்.

"ஐயாவுக்குத் தண்ணி எங்க இருக்கு? சோத்துக்குக் கழிங்க" என்றாள் பின்னால் நின்றவள். மடுவம் முழுவதும் சிரித்தது. அத்தானும் கயிற்றில் ஆடியபடியே சிரித்தார். ஆனால் இறங்கியதும், கழித்தால் எவ்வளவு வரும் என்று கணக்கப்பிள்ளையிடம் மெல்லக் கேட்டதை நான் கவனித்தேன்.

போர்நிறுத்தத்தின் இரண்டாம் ஆண்டு அது, வைகாசியில் வரும் வெசாக்குக்கு முந்திய வாரம். அக்கா இதைக் கண்டிப் பெரஹரா ஊர்வல மாதத்தில் நடந்ததாகச் சொல்லுவாள். தவறு. நாங்கள் மலையிலிருந்து இறங்கியபோது கண்டி நகரத்தில் வெசாக் தோரணங்களுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் நில அளவையாளர். தோட்டத்தின் எல்லைக் கற்களைச் சரிபார்க்க அன்று வேலை இருந்தது. நான் ஒரு பாடசாலை நூலகத்தில் வேலை பார்த்தேன். தோட்டத்துப் பழைய கல்லறைகளில் பொறித்த ஆண்டுகளைப் படித்து வைப்பது என் பொழுதுபோக்கு. அதற்காக அவரோடு தொற்றிக்கொண்டு போயிருந்தேன். மற்றவர்களின் காணியை அங்குலம் பிசகாமல் அளக்கும் அந்த மனிதர் தன்னை மட்டும் ஊர் தெரிய அளந்துகொள்ள அஞ்சினார். நகரத்து மருந்துக்கடைத் தராசில் ஏறினால் அக்காவின் காதுக்கு எட்டிவிடும் என்பதாலேயே மலை உச்சிக்கு வந்து தொங்கினார்.

அந்த அச்சத்துக்குக் காரணம் ஒரு புகைப்படம். நெதர்லாந்தில் வாழும் அவருடைய மகள் அனுப்பியது. சாம்பல் நிறக் கடல். அதன் மேலே வளைந்து நின்ற பெரிய பட்டம். அதன் கயிறுகளை இடுப்பில் கோத்துக்கொண்டு, காலில் ஒரு பலகையோடு அலை மேல் வழுக்கிக்கொண்டு போகும் மருமகன். அத்தான் அந்தப் படத்தைக் கதிரையில் இருந்தபடி நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "வள்ளமும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், ஆமியின்ர பாஸும் வேண்டாம். காத்து ஒண்டு காணும்." யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கின் கரையோரத்தில் பிறந்தவர் அவர். தொண்ணூறில் அந்தக் கரை முழுவதும் இராணுவப் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. அவருடைய வீடும் கடலும் முட்கம்பிக்கு அப்பால். அதன்பின் அவர் எந்தக் கடலிலும் கால் நனைக்கவில்லை. கொழும்புக்கு வேலையாகப் போனாலும் காலிமுகத்திடல் பக்கம் திரும்பமாட்டார். அப்படிப்பட்டவர், மருமகன் ஆடி மாதம் விடுமுறையில் வரும்போது அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்து, திகனப் பக்கமுள்ள நீர்த்தேக்கத்தில் தனக்குப் பழக்க வேண்டும் என்று கேட்டார். அக்கா ஒரு நிபந்தனை வைத்தாள். அத்தானுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலில் வந்த புண் அப்போதுதான் ஆறியிருந்தது. "எண்பத்தைஞ்சு கிலோவுக்கு வாங்கோ. நானே தண்ணிக்குள்ள இறக்கிவிடுறன்" என்றாள். தராசு தொண்ணூற்றேழு காட்டிய அன்று மாலை அவர் வீட்டில் சொன்ன எண் எண்பத்துநான்கு.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. மருமகனிடம் இரண்டு பட்டங்கள் இருந்தன. ஒன்று பன்னிரண்டு சதுர மீற்றர், மற்றது பதினாறு. மகள் அனுப்பும் சாமான்கள் போகப் பெட்டியில் பலகைக்கும் ஒரேயொரு பட்டத்துக்கும்தான் இடம். எதைக் கொண்டுவருவது என்பதை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கும் என்றார் மருமகன்: காற்றின் பலமும் ஆளின் நிறையும். காற்றுக் குறைந்தால் பட்டம் பெரிதாக வேண்டும். ஆள் கனத்தாலும் அப்படியே. கண்டிக்கருகே கெலிஓயாவில் நாங்கள் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தொலைபேசி கூடத்தில் இருந்தது. அக்கா சமைக்கும் குசினிக்கு எல்லாம் கேட்கும். நிறையைச் சொன்னால் அக்கா தண்ணீரில் விடமாட்டாள். சொல்லாவிட்டால் வருகிற சின்னப் பட்டம் அவரைத் தூக்காது. ஆகவே அத்தான் பழியைக் காற்றின் மேல் போட்டார்.

"இஞ்ச காத்துக் குறைவு தம்பி, பெரியதைக் கொண்டு வாரும்" என்றார் முதல் ஞாயிற்றுக்கிழமை. மருமகன் பொறுமையானவர். "எண்பத்துநாலு கிலோதானே மாமா, பலகையும் அகலமானது. பன்னிரண்டு காணும். பெரியது மெதுவாத் திரும்பும், தண்ணிக்குள்ள விழுந்தா எழுப்புறதும் கஷ்டம். புதுசாப் பழகுற ஆளுக்கு அது சரிவராது" என்றார். அத்தான் பின்வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு, தெருவில் இன்னும் கழற்றாமல் தொங்கிய வெசாக் காகித விளக்குக் கூடுகளின் வால்கூட அசையவில்லை என்றார். அதற்கடுத்த ஞாயிறு, பேக்கரிப் புகை நட்டுவைத்த கம்பு மாதிரி நிற்கிறது என்றார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு முஸ்லிம் பெண்மணி எங்கள் வாசலுக்கு வந்தார். கையில், கொடியில் காயப்போட்ட அத்தானின் ஈரச் சாரம். "இந்தக் காத்துக்கு எங்கட மதில் பாஞ்சி வந்திரிச்சி" என்று அதை அக்காவிடம் நீட்டினார்.

தொலைபேசியில் மருமகன் வேறொரு முடிவுக்கு வந்திருந்தார். அத்தான் உரத்த குரலில் அதைத் திருப்பிச் சொன்னதால் எங்களுக்கும் புரிந்தது. அந்தளவு காற்றுகூட இல்லாத இடத்தில் எந்தப் பட்டமும் ஏறாது, வீணாகச் சுமப்பானேன், அந்த இடத்தில் மாமிக்கு ஒரு மிக்சி கொண்டுவருகிறேன் என்றிருக்கிறார். மூன்று வாரமாக அத்தான் குறைத்துக்கொண்டே வந்த காற்று, கடைசியில் பட்டத்தையே பெட்டியிலிருந்து வெளியேற்றிவிட்டது.

அத்தான் என்னைப் பார்த்தார். ஈரச் சாரத்தோடு நின்ற அக்காவைப் பார்த்தார். ரிசீவரை வாயருகே கொண்டுபோய், தராசில் தொங்கியபோது மூடியதைப் போலவே கண்களை மூடிக்கொண்டார்.

"தம்பி, காத்து இருக்கு. நான்தான் தொண்ணூற்றேழு. ஒண்டும் கழிக்காமல் தொண்ணூற்றேழு."

வந்த பெண்மணி ஒன்றும் விளங்காமல் விடைபெற்றுப் போனார். அக்கா சாரத்தைக் கதிரையின் முதுகில் விரித்துவிட்டு வந்து தொலைபேசியை வாங்கினாள்.

"தம்பி, அந்தப் பெரியது இவரைத் தூக்குமோ?"

தூக்கும் என்றிருக்க வேண்டும்.

"தூக்கிக்கொண்டு போனா, திரும்பக் கொண்டு வந்து விடுமோ?"

பதில் சற்று நீளமாக வந்தது. அக்கா முழுவதையும் கேட்டாள். "அப்ப அதையே கொண்டு வாரும்" என்று வைத்துவிட்டாள். அத்தானிடம் அவள் சொன்னது, இரவுக்குப் புட்டு இல்லை, பாசிப்பயறுதான் என்பது மட்டுமே. பிறகு குசினியில் என்னிடம் சொன்னாள்: "ஊரைவிட்டு வந்த நாளில இருந்து ஒரு தண்ணியையும் கேக்காத மனுசன். பொய் சொல்லியாவது கேட்டாரே."

ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு காலையில் நீர்த்தேக்கத்துக்குப் போனோம். அணைக்கட்டிலிருந்து வெகு தொலைவில், கரை விரிந்து கிடக்கும் ஒரு வளைவு. அங்கே போகும் வழியிலும் ஒரு காவலரண் இருந்தது. நீண்ட பை, சுருள் சுருளாகக் கயிறு, ஒரு பம்பு, அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்ற எழுத்து. முந்திய ஆண்டுகளில் இதில் ஒன்றே போதும், பொழுது அங்கேயே போய்விடும். "மே மொகத?" என்றார் சார்ஜன்ட். இது என்ன என்று அர்த்தம். "சருங்கல, மாத்தயா" என்றார் அத்தான். பட்டம் என்ற பதில் சார்ஜன்டுக்குப் போதவில்லை. பையை அவிழ்க்கச் சொன்னார். மருமகன் பம்பால் காற்றடிக்க, மஞ்சள் துணி வீதியோரப் புல்லில் புடைத்து எழுந்து காவலரணைவிடப் பெரிதாக நின்றது. யார் பறக்கப் போகிறார் என்று சார்ஜன்ட் கேட்டார். அத்தான் தன் நெஞ்சைத் தொட்டார். சார்ஜன்ட் அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார், பட்டத்தையும் பார்த்தார், பிறகு இரண்டும் பொருத்தம் என்பதுபோலத் தலையசைத்துத் தடையை உயர்த்தினார்.

அன்றைய காற்று உண்மையிலேயே மெலிதாக இருந்தது. பட்டம் கடுகண்ணாவை மலைவீதி வளைவில் பாரமேற்றிய லொறி திரும்புகிற வேகத்தில்தான் திரும்பியது. மருமகன் சொன்ன குறைகள் ஒவ்வொன்றாக நடந்தன. அது தண்ணீரில் விழுந்தது, எழ மறுத்தது, எழுந்தபோது அத்தானைக் குப்புற இழுத்துக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும் அவர் தண்ணீரைத் துப்பிவிட்டு, "இன்னொருக்கா" என்றார். மதியத்தை நெருங்கும் வேளையில், தும்பறை மலைப் பக்கமிருந்து வந்த ஒரு மூச்சுக் காற்றைப் பட்டம் முழுதாகப் பிடித்துக்கொண்டது. அத்தான் பலகை மேல் எழுந்து நின்றார். "விழப்போறார், விழப்போறார், விழப்போறார்" என்று அக்கா மூன்று முறை சொல்லி முடிக்கும் வரை நின்றுகொண்டே போனார். பிறகு விழுந்தார். கரைக்கு நடந்து வந்தபோது அவர் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "உப்பு இல்லை. அதுதான் ஒரு குறை."

மருமகன் பட்டத்தை அவரிடமே விட்டுப்போனார். போர் மறுபடி தொடங்கியது. அப்படியொரு பையோடு வீதியில் இறங்க முடியாத ஆண்டுகள் வந்தன. அது அலுமாரிக்கு மேல் கிடந்தது. ஆண்டுக்கு ஒருமுறை அத்தான் அதை இறக்கி, கூடத்தில் விரித்து, பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்த்து மடித்து வைப்பார்.

போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவருடைய கரையை இராணுவத்தார் விட்டுக்கொடுத்தார்கள். ஓய்வூதியக்காரரான அத்தான், இடிந்த வீட்டுக்கு முதலில் கூரை போட்டார். இரண்டாவதாகப் பட்டத்தைக் கொண்டுபோனார். சென்ற ஆடியில் நானும் கண்டியிலிருந்து போயிருந்தேன். அந்தக் கடலில் ஆடி மாதக் காற்று நிற்பதே இல்லை. அத்தான் இப்போது எண்பத்திரண்டு கிலோ. அக்கா வாங்கிய தராசில் தினமும் நிறுத்துப் பார்க்கும் எண் இது, கழிக்க ஒன்றுமில்லை. காற்றுக்கும் அந்தப் பட்டம் பெரிது, ஆளுக்கும் பெரிது. விடுமுறைக்கு வந்திருந்த மருமகன் சின்னதொன்றைத் தருவதாகச் சொன்னார். "வேண்டாம் தம்பி. இது எனக்கெண்டு அளந்து எடுத்தது" என்றார் அத்தான்.

இடுப்பளவு தண்ணீரில் நனைந்து வந்து, மடித்த பட்டத்தின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். வலையோடு அந்த வழியால் போன ஒருவர் நின்று, "என்னண்ணை, காத்துக்குப் பாத்துக்கொண்டு இருக்கிறியளோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் அத்தான். "குறையட்டும் எண்டு."