இருபத்தோராவது தட்டில் என் வாட்ச்

பொம்பள வாட்ச் என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆண்பிள்ளை கையில் அப்பளம் அளவுக்கு ஒன்று இருந்தால்தான் வாட்ச், அதற்குக் குறைந்தால் பெண்ணுடையது என்று எவன் சட்டம் போட்டான்? ஒரு காலத்தில் துரைகளும் வக்கீல்களும் கட்டியதெல்லாம் சின்ன வாட்ச்தான். சட்டைக் கைக்குள் அடங்கி இருக்கும். மணி பார்க்கும்போது மட்டும் வெளியே வரும். அப்புறம் ஆண்களின் வாட்ச் ஊதிப் பெருத்தது. பழையவை எல்லாம் இருந்த இடத்திலேயே பெண் வாட்ச் ஆகிவிட்டன. சரி, பெண்ணுடையதாகவே இருக்கட்டும். அப்படிச் சொன்ன மாத்திரத்தில் கடைக்காரன் விலையைப் பாதியாக்கி விரிப்பின் ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறானே, அந்தக் கொழுப்பைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

அந்தக் கொழுப்பால் ஆதாயம் அடைந்தவனும் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். நெய்வேலி மைன்ஸில் எலக்ட்ரிகல் செக்‌ஷனில் நான் பர்மனென்ட் ஆள். அந்தச் சம்பளத்தில் சுவிஸ் தங்க வாட்ச்சைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். ஆனால் பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய குடும்பங்கள் ஒழித்துப் போட்ட சாமான்களுக்கு நடுவே அவை கிடந்தன. எல்லோர் கையிலும் டச் போன் வந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில் நான் ஏழு வாட்ச் சேர்த்தேன். பீப்பாய் வடிவம், முட்டை வடிவம், எட்டுப் பட்டை, ஒன்றுகூட வட்டம் கிடையாது. எல்லாம் தினமும் சாவி கொடுத்து ஓட்ட வேண்டியவை. பால்கோவா டப்பாவில் பஞ்சு வைத்து, பீரோவில் புடவைத் தட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அவற்றில் நீள்சதுரமான ஒன்றுதான் என் உயிர். தபால்தலை அளவு இருக்கும். தங்கக் கூடு, மோர் நிறத்தில் முகம், மயிரிழை போல நீல முட்கள். காலையில் சாவிக் குமிழை இரண்டு விரலால் திருகினால், உள்ளே சுருள் இறுகுவது விரல் நுனியில் தெரியும்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பேனலைத் திறக்குமுன் கையில் இருக்கிற மோதிரம், காப்பு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி, ஒருவருடைய ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் வைத்துவிடுவோம். ஒருநாள் துணிந்து அந்த நீள்சதுரத்தைக் கட்டிக்கொண்டு போய்விட்டேன். வேலை முடிந்து அவரவர் எடுத்துக்கொள்ளும்போது, தாம்பாளம் தாம்பாளமாகக் கிடந்த வாட்ச்சுகளுக்கு அடியிலிருந்து ஒருவன் அதை இரண்டு விரலால் தூக்கினான்.

"யாருதுப்பா இது? எந்த மேடம் வாட்ச்சு?"

ஆறு பேர் சிரித்தார்கள். என் காது சூடானது. வாயில் என்ன வந்தது தெரியுமா?

"எங்க வூட்ல அவங்களுதுடா. ரிப்பேருக்குக் குடுக்க எடுத்தாந்தேன்."

டவுன்ஷிப்பில் ஒரு செய்தி மைன்ஸிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வர கம்பெனி பஸ் அளவுக்குக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாது. மறுநாள் பக்கத்து வீட்டம்மா என் மனைவியிடம், "ஒங்க வூட்டுக்காரரு ஒங்களுக்குத் தங்க வாட்ச் வாங்கி இருக்காராமே" என்று கேட்டுவிட்டார். அவள் என்னிடம் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. இல்லை என்று சொல்ல எனக்குத் திராணி இல்லை. ஆமாம் என்றேன். ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனாள். தினம் சாவி கொடுக்கிற தொந்தரவு வேண்டாம் என்று திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடையில் சேத்தியாத்தோப்பில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் என் பொறுப்பு. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். பழம், பூ, புடவை, வளையல், சோப்பு, பவுடர் என்று வேனில் ஏற்றியபோது நான் வாழைத்தாரோடு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பெண்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இருபது. ஒன்று குறைகிறது. கடைக்கு ஓட நேரமில்லை. என் மனைவி வீட்டுக்குள் போய் எதையோ எடுத்துவந்து இருபத்தோராவது தட்டை நிரப்பிவிட்டாள்.

அந்தத் தட்டில் இருந்தது என்ன என்பது பந்தலில் மைக் பிடித்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"தாய்மாமன் சீர், தங்க வாட்ச் ஒண்ணு!"

கை தட்டினார்கள். வெற்றிலை மேல் என் வாட்ச் கிடந்தது. சபையில் நான் என்ன செய்ய முடியும்? பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து கத்தினேன், தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"எனக்குன்னு சொல்லித்தானங்க குடுத்தீங்க. என்னுத நான் குடுத்தேன்."



இரண்டு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். வாட்ச் நின்றுவிட்டதாம். பேட்டரி தீர்ந்திருக்கும் என்று மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வாட்ச் கடையில் கொடுத்து சரிபண்ணி வாங்கிவிட்டாராம். சாவி கொடுக்கிற வாட்ச்சில் ஏது பேட்டரி? அன்றே பஸ் ஏறினேன். நேராக அந்தக் கடைக்குப் போனேன்.

"உள்ள பழைய மிஷினு சார். பேட்டரி மிஷினா மாத்திட்டேன், முள்ளுகூடப் புதுசு. இனிமே சாவியே குடுக்க வேணாம்."

"பழசு எங்கய்யா?"

"அது அப்பவே காயலான் கடைக்குப் போயிருக்கும். லேடீஸ் வாட்ச்சு தான சார், டைம் காட்டுனா போறாதா?"

வண்டி வண்டியாகத் திட்டினேன். ஐம்பது வருஷம் ஓடிய மிஷின், அரிசியை விடப் பொடியான சக்கரங்களை ஒருவன் கண்ணில் லென்ஸ் வைத்துக் கோத்த மிஷின். இதே ஆள் ஒரு பெரிய ஆண் வாட்ச்சை இப்படிக் குடலை உருவி எறிந்திருப்பானா? கேட்டிருப்பான், கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பான். லேடீஸ் என்றால் கேட்கக்கூட வேண்டாமாம்.

அந்தச் சூட்டோடு தங்கை வீட்டுக்குப் போனேன். மருமகள் கையில் அப்பளம் அளவில் வேறொரு வாட்ச்.

"அது சின்னதா கீது மாமா. கட்டிக்கினு போனா ஆயா வாட்ச்சுன்னு கிண்டல் பண்றாளுங்க. இப்ப எல்லாரும் பெரிய டயல்தான்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெண் வாட்ச் என்று ஆண்கள் தள்ளினார்கள், ஆயா வாட்ச் என்று பெண்களும் தள்ளியாயிற்று.

"அத எங்கிட்டயே குடுத்துடும்மா. ஒனக்கு வேற வாங்கித் தரேன்" என்றேன்.

சமையல்கட்டிலிருந்து தங்கை வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"சீர் வச்சதத் திருப்பிக் கேக்கற தாய்மாமன இப்பத்தாண்ணா பாக்கறேன். அண்ணி அனுப்புனாங்களா?"

மனைவி தலையில் பழி விழப்போகிறது. இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அது என் வாட்ச்சு. நான் கட்றதுக்கு வாங்குனது" என்றேன்.

தங்கை வாட்ச்சைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். "இதயா? நீயா?" என்றாள். அப்புறம் எடுத்துவந்து கொடுத்துவிட்டாள்.

அடுத்த ஷிஃப்டுக்கு அதைக் கட்டிக்கொண்டு போனேன். பேனல் வேலை முடிந்ததும் ஹெல்மெட்டிலிருந்து அதே ஆள் தூக்கினான்.

"இன்னா, திரும்பவும் அண்ணி வாட்ச்சா?"

"இல்லடா. என்னுது. எப்பவுமே என்னுதுதான்."

சிரித்தார்கள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் சிரித்திருப்பார்கள். அப்புறம் ஒருவன் போனஸ் பேச்சை எடுத்தான், எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். அவ்வளவுதான். இந்த ஒரு டீ நேரத்துச் சிரிப்புக்குப் பயந்துதான் நான் அன்றைக்குப் பொய் சொன்னேன். கடைக்காரனைத் திட்டிய வார்த்தைகளில் பாதி எனக்குச் சேர வேண்டியவை.

மற்ற ஆறும் இப்போது மேசைமேல், கண்ணில் படும்படி இருக்கின்றன. தினமும் காலையில் வரிசையாகச் சாவி கொடுக்கிறேன். பழக்க தோஷத்தில் விரல் அந்த நீள்சதுரத்துக்கும் போய்விடுகிறது. குமிழ் சுற்றுகிறது. எவ்வளவு திருகினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது.