விரலுக்குத் தெரிந்த வேலை

முதலில் மரத்துப்போனவை என் கால் விரல்கள்தான். புதிதாகக் கொடுத்த சேஃப்டி ஷூ மீது பழியைப் போட்டேன். அளவு பார்க்காமல் கொடுத்துவிட்டதாக ஸ்டோரில் இருந்தவரிடம் சண்டைகூடப் போட்டேன். ஷூவைக் கழற்றிய பிறகும் மரமரப்பு போகவில்லை. இரண்டு நாள் கழித்து, பன்னிரண்டு வருடமாக ஏறி இறங்கிய கிரேன் ஏணியின் பாதியில் முழங்கால் மடங்கிவிட்டது. கம்பியைக் கட்டிக்கொண்டு தொங்கியவனை இடுப்பைப் பிடித்து இறக்கியவன் ஏழுமலை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் நான் கிரேன் ஆபரேட்டர். கூரையை ஒட்டி ஓடும் கிரேனின் கேபினில் உட்கார்ந்திருப்பேன். ஏழுமலை கீழே நிற்கும் சிக்னல்மேன். ஆலைச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. எல்லாம் கை ஜாடைதான். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து. 'நிறுத்து' என்பதை மட்டும் யார் காட்டினாலும், பெருக்க வந்தவர் காட்டினாலும், நிறுத்தியே ஆக வேண்டும். அதில் பேச்சே கிடையாது.

சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நரம்பியல் மருத்துவர் நடுவயதுப் பெண்மணி.

"பத்து நாள் முன்னாடி வயித்துப்போக்கு இருந்துதா?" என்றார்.

"இருந்துது. அதுக்கும் காலுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. எனக்கு வந்திருந்தது கில்லன்-பாரே நோய் (கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் காவல், ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே அடிப்பது). அது காலில் தொடங்கி மேலே ஏறியது. மூன்றாம் நாள் மூச்சு இழுக்க முடியவில்லை. வென்டிலேட்டரில் (செயற்கை சுவாசக் கருவி) போட்டார்கள். பிறகு கழுத்தில் துளையிட்டு அதன் வழியாகச் சுவாசம் கொடுத்தார்கள். இமைகளைத் தவிர வேறெதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை.

இந்த நோயில் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள், ஆனால் மெதுவாக, எவ்வளவு தேறுவீர்கள் என்று இப்போதே சொல்ல முடியாது என்றார் மருத்துவர். எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் குனிந்து வேலை செய்தவர்கள். உயரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்த இருக்கை போய்விட்டால் எதற்காகப் பிழைக்க வேண்டும்? இதைப் படிக்கும் உங்களுக்கும் எப்போதாவது அந்தக் கேள்வி வந்திருக்கலாம். வெட்கப்படாதீர்கள்.

ஐந்தாவது வாரம் கருவியை எடுத்தார்கள். பிசியோதெரபி (இயன்முறைப் பயிற்சி) கொடுக்கும் பெண் தினமும் வந்து, "விரலை மடக்குங்க சார்" என்பார். நானும் முக்கிப் பார்ப்பேன். விரல் படுத்த இடத்திலேயே கிடக்கும். சில நாளில் முக்குவதையும் விட்டுவிட்டேன்.

"டாக்டரம்மா முடியும்னு சொல்றாங்க. நீங்க இன்னாத்துக்கு மூஞ்சியத் திருப்பிக்கினு கெடக்கிறீங்க?" என்று என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள். அதற்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வார விடுமுறை நாள் ஒன்றில் ஏழுமலை வந்தான். பன்னிரண்டு வருடம் மேலேயிருந்து அவன் ஹெல்மெட்டையும் கையையும் மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். அவனும் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, "எப்டிகீறண்ணா?" என்றான். அதற்கு மேல் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு வலது கையை உயர்த்தி ஆள்காட்டி விரலைச் சுழற்றினான். இடது உள்ளங்கையை அதற்கு மேலே அசையாமல் பிடித்துக்கொண்டான்.

மெதுவாகத் தூக்கு.

போர்வை மேல் கிடந்த என் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிரேனின் லிவரை (இயக்கும் கைப்பிடியை) இழுப்பது போல உள்ளே மடங்கின.

நான் மடக்கவில்லை. மடக்க வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. ஏழுமலை உள்ளங்கையைக் காட்டினான், விரல்கள் நின்றன. மறுபடி சுழற்றினான், மறுபடி மடங்கின. ஸ்டெல்லா, "ஏசுவே" என்று சொல்லி அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பைக் கால் வரைக்கும் உணர்ந்தேன் என்பது பிறகுதான் உறைத்தது.

மருத்துவரிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "நரம்பு முன்னாடியே கொஞ்சம் சரியாகிடுச்சு. நீங்க முயற்சி பண்றத விட்டுட்டீங்க, அதனால தெரியல. கை தனக்குப் பழகின வழியில போயிருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் என் வியப்பு இன்றுவரை அடங்கவில்லை. நாற்பத்து மூன்று வருடம் என்னுடையது என்று நினைத்த உடம்புக்குள், என்னைக் கேட்காமலே ஒருவர் வேலைக்குத் தயாராகக் காத்திருந்திருக்கிறார்.

பழக்கத்தால் விழுந்தும் இருக்கிறேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடை பழகிய நாட்களில், வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவரைப் பார்த்து ஒரு நர்ஸ் உள்ளங்கையைக் காட்டினார். நான் தூக்கிய காலை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டேன். அடுத்த நொடி தரையில் கிடந்தேன்.

"ஏன் சார் நின்னீங்க?" என்று பயிற்சிப் பெண் பதறினார்.

"நிறுத்தச் சொன்னாங்களே."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். விழுந்த வலியோடு நானும் சிரித்தேன். நோய் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அந்தப் பெண் மட்டும் சிரித்து முடித்ததும் யோசித்தார். "மத்தவங்க கைக்கும் இப்படி ஏதாவது தெரிஞ்சிருக்கும் இல்ல சார்?" என்றார்.

ஏணி ஏற என் கணுக்காலுக்கு இனி வலு வராது. இப்போது ஏழுமலையோடு தரையில் நின்று நானும் ஜாடை காட்டுகிறேன். மேலே பார்க்கும்போது முதல் மாதம் நெஞ்சு வலித்தது. பொய் சொல்ல மாட்டேன். வார விடுமுறையில் அந்த மருத்துவமனைக்குப் போகிறேன். என்ன நோய் என்று நான் யாரையும் கேட்பதில்லை. உங்கள் கை என்ன வேலை செய்யும் என்றுதான் கேட்கிறேன்.

போன மாதம் பொன்னேரிப் பக்கத்திலிருந்து கஸ்தூரி என்ற பெண் வந்திருந்தார். அதே நோய். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்படிப் படுத்துக் கிடப்பது எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை என்று அவர் கணவர் சொன்னார். "பெல்ட்ல மூடி ஓடிக்கினே இருக்கும் சார். கோணலா வந்தா ஒரே தட்டுல வெளிய தள்ளிடுவா." அடுத்த வாரம் ஒரு பை நிறைய மூடிகள் கொண்டுவரச் சொன்னேன்.

சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்து வைத்து, அவர் கையை ஓரத்தில் வைத்தேன். மூடிகளை ஒவ்வொன்றாக விட்டேன். அவர் வேண்டாவெறுப்பாகப் பார்த்தார். நல்ல மூடிகள் விரலைத் தாண்டி ஓடின. நடுவில், நானே நசுக்கி வைத்திருந்த ஒன்றை விட்டேன்.

சுண்டுவிரல் அசைந்து அதைத் தட்டிவிட்டது.

அவர் கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். கஸ்தூரி தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கழுத்துத் துளை இன்னும் ஆறிக்கொண்டிருந்ததால் கரகரத்த குரலில், "இன்னொன்னு வுடுண்ணா" என்றார்.

ஒரு மூடியைப் பொறுக்கி எடுக்க என் விரல்களுக்கு இன்னமும் நேரம் பிடிக்கும். அவர் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தார்.