காய்கறி லாச்சியில் பெலாச்சான் வீச்சம்

என் மருமகளைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக ஆசை. ஆனால் அவளைப் பற்றி நல்லதாக எழுதப் போனால் என்னைப் பற்றிக் கெட்டதாக எழுதாமல் முடியாது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். விரத வீட்டில் நான் சம்பால் பெலாச்சான் ஒளித்துவைத்துத் தின்றேன்.

பினாங்கில், சுங்கை பினாங் அடுக்குமாடியில் நாங்கள் மூன்று பேர்: மகன், மருமகள், நான். போன ஆண்டு எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, மாமாவுக்குப் பார்வை திரும்பினால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று அவள் நேர்ந்துகொண்டாள். யாரும் கேட்டுச் செய்ததல்ல. இருபத்தொரு நாள் விரதம். வீட்டில் கவுச்சியே கூடாது. மீன், கோழி, முட்டை எல்லாவற்றையும் எதிர்வீட்டுச் சீனத்தியிடம் கொடுத்துவிட்டு ஐஸ்பெட்டியைக் கழுவித் துடைத்தாள்.

எட்டு நாள் தாக்குப்பிடித்தேன். ஒன்பதாம் நாள் பாசாரில் ஒரு மலாய்க்காரப் பெண், மிளகாயும் பெலாச்சானும் சேர்த்து இடித்த சம்பாலைப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் கட்டி விற்றுக்கொண்டிருந்தாள். பெலாச்சான் என்றால் இறால் அரைத்துப் புளிக்கவைத்தது. வாசம் தெருமுனை வரை வரும். வாங்கிவந்து, ஐஸ்பெட்டியின் அடியில் காய்கறி வைக்கும் இழுப்பறையான லாச்சியில், கீரைக்கட்டுக்குக் கீழே செருகினேன். அவர்கள் இருவரும் வேலைக்குப் போனபின் சோற்றோடு பிசைந்து தின்பேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றேன் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மூன்றாம் நாள் பொட்டலம் கசிந்திருந்தது. பதறிப்போய், லாச்சிக்கு மேலே உள்ள கண்ணாடித் தட்டில் அதை வைத்துவிட்டு, லாச்சியைப் பழைய பேப்பரால் துடைத்தேன். பொட்டலத்தைக் கீழே குப்பையில் போட்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

அன்று மாலை அவள் வேலைவிட்டு வந்து ஐஸ்பெட்டியைத் திறந்தாள்.

“மாமா, என்னமோ வீச்சம் அடிக்குதே?”

“முட்டைக்கோஸ் அழுகியிருக்கும்மா,” என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நல்ல முட்டைக்கோஸ். அதைத் தூக்கி எறிந்தாள். லாச்சியை வெளியே இழுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். மறுநாளும் வீச்சம். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துத் தேய்த்து, லாச்சியைப் பால்கனியில் வெயிலில் கவிழ்த்தாள். திரும்பவும் வீச்சம். மூன்றாம் நாள் கீழே கோப்பிக் கடையிலிருந்து கோப்பிச் சக்கை வாங்கிவந்து கிண்ணத்தில் வைத்தாள். காலையில் திறந்தால் கோப்பியும் பெலாச்சானும் சேர்ந்து அடித்தன.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். இவள் ஐஸ்பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசித்தாள். நாற்பது ஆண்டு கோப்புகளைக் கட்டி அழுத எனக்கு அந்தப் பொறுமை இருந்ததில்லை.

“லாச்சிய வெளிய எடுத்து மோந்தா ஒண்ணுமே இல்ல. உள்ள வச்சாத்தான் நாறுது. அப்ப லாச்சி இல்லலா, மேல ஏதோ இருக்கு,” என்று தனக்குத்தானே சொன்னாள்.

கண்ணாடித் தட்டைக் கழற்றினாள். அதன் ஓரத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் பட்டை. அதைக் கழற்றலாம் என்பதே எனக்குத் தெரியாது. கரண்டிக் காம்பால் நெம்பினாள். உள்ளே இடுக்கில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு. அதில் ஒரு மிளகாய் விதை. பழைய பல்துலக்கியால் சுரண்டி மோந்து பார்த்தாள். முகம் கசந்துபோனது.

“பெலாச்சான், மாமா. விரதத்துக்கு முன்னாடி ஊத்துனதா இருக்கும். நான் ஒழுங்கா கழுவல. இவ்ளோ நாளும் கவுச்சிய உள்ள வச்சிக்கிட்டே பூஜை பண்ணியிருக்கேன்.” பிறகு, “இந்த வருசம் குடம் எடுக்கல. அடுத்த வருசம் பாத்துக்கலாம்,” என்றாள்.

குடம் என் கண்ணுக்காக. குற்றமும் என்னுடையது. அதை அவள் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

சொல்லிவிட்டேன். ஒன்பதாம் நாளிலிருந்து எல்லாவற்றையும், முட்டைக்கோஸ் பொய் உட்பட.

அவள் அழவில்லை. எழுந்து நின்றாள்.

“மூணு நாளு மாமா! முதுகு ஒடியத் தேச்சேன். நீங்க பேப்பரப் படிச்சிக்கிட்டு முட்டைக்கோஸுங்கிறீங்க! அது பாவம், என்ன பண்ணிச்சு?”

“தப்புதாம்மா.”

“ஆசையா இருக்குன்னு சொல்லியிருந்தா, வெளிய கடையில சாப்பிட்டுட்டு குளிச்சிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்ல? எங்கப்பாவும் அப்படித்தான் செய்வாரு.”

அப்படி ஒரு வழி இருந்ததே எனக்குத் தோன்றவில்லை. திருட்டுத்தனமாகத் தின்னத்தான் தோன்றியது.

பல்துலக்கியை என் கையில் திணித்தாள். அரை எலுமிச்சையை உப்பில் தொட்டுக் கொடுத்தாள். “கதவு ரப்பர் மடிப்பெல்லாம் நீங்க தேய்ங்க. பின்னால தண்ணி போற ஓட்டையும். நான் வந்து மோந்து பாப்பேன்.”

தேய்த்தேன். மோந்து பார்த்து இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். மூன்றாவது முறை தலையாட்டினாள். கதவை ஒரு மணி நேரம் திறந்தே வைத்து, எல்லாம் உலர்ந்தபின் லாச்சியில் வாசத்துக்குப் பாண்டான் இலையைப் பரப்பினாள்.

“உங்க மகன்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லுங்க,” என்றாள்.

மகன் வந்ததும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். “எனக்குக் கொஞ்சம் வைக்கலியாப்பா?” அவள் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

“குடம்?” என்று கேட்டேன். கேட்க எனக்கு உரிமை இல்லைதான்.

ஐஸ்பெட்டியை இன்னொரு முறை திறந்து மோந்து பார்த்து மூடினாள். பிறகு, “நான் திங்கல. என் விரதம் கெடல. எடுக்கிறேன்,” என்றாள். “ஆனா நீங்க இன்னைக்கே தலைக்குக் குளிங்க. பூசம் வரைக்கும் நான் போடுறத மட்டும் சாப்பிடணும். அன்னைக்கு என் பின்னால செருப்பில்லாம நடக்கணும்.”

நடந்தேன். தார்ச்சாலை காலையிலேயே சுட்டது. மலையடிப் படிகளில் நான் இரண்டு முறை நின்றேன். அவள் நிற்கவே இல்லை; தலைமேல் குடம் ஒரு சொட்டுச் சிந்தாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது.