இரண்டு மணித்தியாலப் பிழை

மார்கழி 2003, வவுனியா, காலை 6.00

பஸ் நிலையத்துக்கு எதிரே நின்ற வான் வண்டியில் ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. முன் ஆசனத்தில் இருந்த மகேந்திரன் அண்ணருக்குச் சந்தோசத்தில் ஒரே புளுகம். "நல்ல சகுனம், தங்கச்சி! குளம் நிரம்பினாத்தானே உங்கட மிசின்ர விளையாட்டைப் பாக்கலாம்" என்றார். அவர் கனடாவிலிருந்து வந்திருந்தார். ஊர்ச் சங்கத்துக்காகக் கொட்டும் பனிக்குள் நின்று கோயில் திருவிழாவில் றோல்ஸ் விற்றுச் சேர்த்த பணத்தில், வன்னியில் ஒரு குளத்துக்குக் கணினி நிரல் எழுதுவித்திருந்தார். எழுதியவள் நான். நிரல் இருந்த மடிக்கணினியை நனையாமல் இரண்டு பொலித்தீன் பைக்குள் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

நிரல் செய்வது இதுதான். குளத்தின் நீர்மட்டத்தையும் பெய்த மழையையும் கொடுத்தால், வான்கதவை எப்போது எத்தனை அங்குலம் திறக்கலாம் என்று சொல்லும். வான்கதவு என்பது, குளம் நிரம்பினால் கட்டு உடையாதபடி மிச்சத் தண்ணீரை வெளியே விடும் கதவு. திறக்கமுதல் தண்ணீர்ப் பாதையில் உள்ள எந்த ஊருக்கு எவ்வளவு நேரம் முன்பு அறிவிக்க வேண்டும் என்பதையும் சொல்லும். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கந்தோரில் எட்டு மாதம் மாரடித்து எழுதியது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல நிரல். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஓமந்தை, 7.00

வவுனியாவிலிருந்து பதினான்கு கிலோமீற்றர். முதலில் படையினரின் சாவடி, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத வெறும் வெளி, அப்பால் வன்னியை வைத்திருந்த மற்றப் பக்கத்தாரின் சாவடி. போர்நிறுத்தம் வந்து பாதை திறந்து இரண்டாம் வருடம் நடக்கிறது. ஆனாலும் இறங்கு, ஏறு, பையைத் திற, பதிவில் எழுது. மடிக்கணினியை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "குளத்துக்கு" என்று நான் சொன்னதை இரண்டு பக்கத்தாருமே நம்பவில்லை.

அங்கால் போனதும் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினேன். கொழும்பு நேரத்தை மாற்றியபோது வன்னி மாறவில்லை. நமக்குப் புதுநேரம், அவர்களுக்குப் பழைய நேரம். இந்த அரை மணியைக்கூட மறக்காமல் நிரலில் சேர்த்திருந்தேன். அண்ணரிடம் அதைச் சொல்லிக் காட்டினேன். "கெட்டிக்காரி!" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கனகராயன்குளம், பழைய நேரம் 9.00

தகரக் கொட்டில் கடையில் தேத்தண்ணீர் ஐந்து ரூபா. சுடச்சுட உளுந்து வடையும் இருந்தது. அண்ணர் வடையையும் கடையையும் கடைக்காரரையும் வீடியோவில் எடுத்தார். அவர் எல்லாவற்றையும் எடுப்பார். எடுத்ததைச் சங்கத்தின் இணையத்தளத்தில் போடுவார், ஆட்களின் பெயரும் ஊரும் விலாசமும் சேர்த்து. பணம் தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நேர்மை.

அங்கிருந்து பிரதான வீதியை விட்டு எந்தப் பக்கம் திரும்பினோம் என்று எழுதப் போவதில்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவள் இப்படிச் செய்யலாமா என்று இப்போதே கோபிக்காதீர்கள். முழுக்க வாசித்துவிட்டுக் கோபியுங்கள். பதினொரு மைல் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள், மண்டையோட்டுப் படத்துடன். ஒரு மணித்தியாலம் குலுக்கி எடுத்துவிட்டது.

குளக்கட்டு, 10.00

குளத்தைப் பார்க்கிறவர் பெயர் சின்னராசா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் ஒரு உரப்பையைக் கொங்காணியாகப் போட்டிருந்தார். இருபது வருடமாக அந்த வான்கதவின் சக்கரத்தைக் கையால் சுற்றித் திறப்பவரும் மூடுபவரும் அவர்தான். குளம் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. "வான் பாயப் போகுது" என்றார். அண்ணர் திரும்பி, நாங்கள் வந்த வானைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜெனரேற்றரைப் போட்டு, காவல் கொட்டிலில் கணினியை வைத்தோம். சின்னராசா அளவுகோலைப் பார்த்து நீர்மட்டத்தைச் சொன்னார். மழையையும் கொடுத்தேன். பத்து நாற்பதுக்கு நிரல் பதில் சொன்னது:

வான்கதவை உடனே திறக்கலாம். கீழ்ப்பாதை: காடு. அறிவிக்கத் தேவையில்லை.

அண்ணர் கைதட்டினார். வீடியோவைத் தோளில் வைத்துக்கொண்டு, "சின்னராசா, சக்கரத்தைச் சுத்துங்கோ! முகம் இஞ்சால பாக்கட்டும்!" என்றார்.

சின்னராசா சக்கரத்தடிக்குப் போகவில்லை. கொட்டில் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை எடுத்தார்.

"எங்க அண்ணை போறியள்?" என்றேன்.

"சொல்லிப்போட்டு வாறன், பிள்ளை."

"ஆருக்கு?"

"கீழ இருக்கிற சனத்துக்கு."

"கீழ சனம் இல்லையே! காடெல்லோ?"

மனுசன் என்னை மேலும் கீழும் பார்த்தார். நக்கலோ கோபமோ அந்த முகத்தில் இல்லை. "என்ன பிள்ளை சொல்லுறியள்? அறுபது குடும்பம் இருக்கு. நேற்றும் அங்கதான் தேத்தண்ணி குடிச்சனான்."

அறுபது குடும்பம்! என்னிடம் தந்த வரைபடம் பழையது. அதில் அந்த இடம் பச்சை. பச்சை என்றால் காடு. இப்போதும் காடுதானா என்று ஒரு வார்த்தை நான் யாரையாவது கேட்டேனா? கேட்கவில்லை. நேரத்தில் அரை மணி பிசகக்கூடாது என்று மண்டையை உடைத்தவளுக்கு, அங்கே ஆட்கள் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை.

"அண்ணை, நானும் வாறன்" என்று சைக்கிள் கரியரில் ஏறிக்கொண்டேன். நாங்கள் வரும்வரை சக்கரத்தில் கை வைக்க வேண்டாம் என்று மகேந்திரன் அண்ணரிடம் இரண்டு தரம் சொன்னேன்.

கீழே, 11.20

வழியில் ஒரு ஓடையைக் கடந்தோம். கணுக்கால் அளவு தண்ணீர். இரண்டு பெண்கள் கல்லில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று குழந்தைகள் சேற்றில் அணை கட்டி விளையாடின. சின்னராசா சைக்கிளை நிறுத்தாமலே, "எழும்புங்கோ, எழும்புங்கோ! கதவு திறக்கப் போறன்!" என்றார். அவர்கள் ஈரத் துணியைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அப்பால் குடியிருப்பு. மண் வீடுகள், கிடுகுக் கூரை, கச்சான் கடலைத் தோட்டம், ஆடுகள், ஒரு கொட்டில் பள்ளிக்கூடம். முதல் வீட்டு வாசலில் நின்றவர் பவளம் என்ற பெண். மலையகத்திலிருந்து வந்தவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"எத்தன மணிக்குண்ணே?" என்றார்.

"பன்ரெண்டு நாப்பதுக்கு" என்றார் சின்னராசா.

அவ்வளவுதான். "ஏ புள்ளைங்களா, ஆட்ட அவுருங்க!" என்று பவளம் போட்ட சத்தத்தில் ஊரே எழுந்தது. அரிசிச் சாக்கு, பாய், கோழிக்கூடு, ஒரு கிழவரின் கட்டில், எல்லாம் மேட்டுக்குப் போயின. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவர் முகத்திலும் பதற்றம் இல்லை. பதறிக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. இதை இப்போதே சரி செய்ய வேண்டும் என்று கொப்பியை எடுத்தேன். "அம்மா, ஊரின்ர பேரையும் குடும்பங்களின்ர பேரையும் சொல்லுங்கோ. மிசினில ஏத்திவிடுறன். பிறகு கதவு திறக்கமுதல் அதுவே உங்கட ஊருக்கு அறிவிக்கச் சொல்லும்" என்றேன்.

பவளம் கையை நீட்டி என் கொப்பியை மூடினார்.

"வேணாம்மா. எழுதாதீங்க."

"ஏன் அம்மா?"

"எங்கப்பா தேயிலைத் தோட்டத்துல பேரு குடுத்தாரு. ஒழுங்காத்தான் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அந்த லிஸ்ட்டப் பாத்துத்தான் எங்க அக்கா குடும்பத்தக் கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்புனாங்க. மிச்சமா நின்ன நாங்க எழுபத்தேழு கலவரத்துல குடியிருந்த லயம் எரிஞ்சு இங்க ஓடியாந்தோம். காட்ட வெட்டி, கச்சான் போட்டு, இப்பத்தான் கொஞ்சம் நிமுந்திருக்கோம். இது தண்ணி போற ஒதுக்குக் காணியாம். இங்க ஆளு இருக்குன்னு பேப்பர்ல வந்துச்சுன்னா, ஒங்க நல்லதுக்குத்தான்னு சொல்லி எழுப்பிருவாங்க. எழுப்புனா எங்கம்மா போறது? நீங்களே சொல்லுங்க."

தண்ணீர் வருகிறது என்று கேட்டு அசையாத மனுசி, என் கொப்பியைக் கண்டு பயந்தார். பெயரைப் போட்டால் ஊரை எழுப்புவார்கள். போடாவிட்டால் என் நிரல் இவர்களைக் காடு என்று சொல்லிக் கதவைத் திறக்கும்.

"சின்னராசா அண்ணை இல்லாத நாளில என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"அதத்தான் நீங்க ஒங்க மிசினுகிட்ட சொல்லிட்டுப் போங்க. பேரு சொல்லாம சொல்லுங்க" என்றார் பவளம்.

குளக்கட்டு, 12.40

சின்னராசா சக்கரத்தைச் சுற்றினார். மகேந்திரன் அண்ணர் எடுத்த வீடியோவில் அந்தக் காட்சி நன்றாக வந்திருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை. அவர் சுற்றமுதலே கட்டால் இறங்கி நடந்து, அந்தப் பெண்கள் துவைத்த ஓடைக்கு மேலே மேட்டில் போய் நின்றேன்.

அரை மணித்தியாலம் கழித்துத் தண்ணீர் அங்கே வந்தது. முதலில் சருகும் தடியும் அடித்துக்கொண்டு வந்தன, பின்னால் செம்மண் நிறத்தில் ஒரே தள்ளாகத் தண்ணீர். பெண்கள் துவைத்த கல் போய்விட்டது. குழந்தைகள் கட்டிய அணை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. ஒரு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது.

பத்து நாற்பதுக்கு என் நிரல் "உடனே திறக்கலாம்" என்றது. திறந்திருந்தால் பதினொன்று பத்துக்கு இந்தத் தண்ணீர் இங்கே. அந்த நேரம் அந்தக் குழந்தைகள் இங்கே சேற்றுக்குள் குந்தியிருந்தன. அந்த இடத்திலேயே இருந்து வாந்தி எடுத்தேன். இதை எழுத வெட்கமில்லை.

பிற்பகல் 3.00

கொட்டிலில் தனியாக இருந்து நிரலைத் திருத்தினேன். ஒரு ஊரைப் புதிதாகச் சேர்ப்பதற்கு அரசாங்கப் பிரிவு இலக்கம் வேண்டும் என்று விதி வைத்தவளும் நானேதான். பவளம் சம்மதித்திருந்தாலும் இலக்கமில்லாத அந்த ஊரை அது ஏற்றிருக்காது! என்னை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன்.

வரைபடத்தில் கை வைக்கவில்லை. காடு காடாகவே இருந்தது. ஆனால் திறக்க வேண்டும் என்று கணக்கு வந்ததும், இரண்டு மணித்தியாலத்துக்கு நிரல் ஒரே ஒரு வரியைத்தான் காட்டும்: "காத்திருக்கவும். கீழ்ப்பாதையைப் போய்ப் பார்த்து வரவும்." காரணம் எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டேன். சின்னராசாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தார். "ஓம், சரி. இது மனுசர் கதைக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் காலை 9.00

விவசாயிகள் சங்கத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அண்ணர் சால்வை எல்லாம் கொண்டுவந்திருந்தார். நிரலை ஓட்டிக் காட்டினேன். அந்த வரி வந்து நின்றது. ஐந்து நிமிடம் போயிற்று. அது அசையவில்லை.

"இதென்ன தங்கச்சி, நிக்குது?" என்றார் அண்ணர். "காடெண்டு நீங்களே போட்டிருக்கிறியள். பிறகு காட்டுக்க போய் எதைப் பாக்கச் சொல்லுது?"

நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. மனுசன் நல்லவர், கேட்டால் கண்கலங்குவார். கண்கலங்கிவிட்டு, அறுபது குடும்பத்தையும் வரிசையாக நிறுத்தி வீடியோ எடுத்து, பெயரோடு இணையத்தளத்தில் போடுவார். பின்வரிசையில் நின்ற சின்னராசா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிழை, அண்ணை" என்றேன். "நிரலில ஒரு பிழை. எங்க எண்டு எனக்குப் பிடிபடேல்லை."

நிரல் எழுதிய பத்து வருடத்தில் நான் யாரிடமும் சொல்லாத சொல். அண்ணருக்கு முகம் விழுந்துபோயிற்று. "எங்கட ஆக்களுக்கு இதை எப்பிடித் தங்கச்சி காட்டுறது?" என்றார். சால்வை பைக்குள்ளேயே இருந்தது. சங்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொழும்பிலிருந்து வந்த கெட்டிக்காரி நான், தலையைக் குனிந்துகொண்டு வயரைச் சுற்றினேன்.

மடிக்கணினியைக் காவல் கொட்டிலிலேயே விட்டுவிட்டுப் பிற்பகலில் ஓமந்தையைக் கடந்தோம். கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் திருப்பினேன்.

வெள்ளவத்தை, மூன்று வாரம் கழித்து

இங்கே மழை பெய்தால் மாடி யன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது மழைச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

நேற்று அண்ணரின் மின்னஞ்சல் வந்தது. அன்பான கடிதம். "தங்கச்சி, கவலைப்படாதேங்கோ. பிழை ஆருக்கும் வரும். அந்த இரண்டு மணித்தியாலத்தை எடுத்துவிட நல்ல ஆள் ஒருவரைப் பிடித்து மாசி மாதம் அனுப்புகிறோம்" என்று எழுதியிருந்தார். அதில் தயவுசெய்து கை வைக்க வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். "வெட்கப்படாதேங்கோ தங்கச்சி" என்று மறுபதில் வந்தது. போகிறவரின் பெயரைக் கேட்டேன். இன்னும் ஆள் முடிவாகவில்லையாம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். குளத்தின் பெயர் இல்லை, ஊரின் பெயர் இல்லை, பவளத்துக்கும் சின்னராசாவுக்கும் அண்ணருக்கும் நான் வைத்த பெயர்கள் அவர்களுடையவை அல்ல. ஆனால் தம்பியோ தங்கச்சியோ, அங்கே போகப்போகிறவர் நீங்கள் என்றால், அந்த வரியைக் கண்டதும் உங்களுக்கு விளங்கும். அழிக்கமுதல் அது சொல்வதை ஒருதரம் செய்யுங்கள். சின்னராசாவின் சைக்கிளில் ஏறிக் கீழே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கொப்பி கொண்டுபோகாதீர்கள்.